பெட்டியில் இருக்கும் பழைய பவுன்

"பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுகிறீர்கள்?" என்ற கேள்வி காதில் விழாத தமிழ்க் குடும்பம் இராது. பட்டணத்தாரும் பட்டிக்காட்டாரும், ஏழையும் செல்வரும் தங்கத்தைப் பவுன் கணக்கில்தான் பேசுகிறார்கள். எட்டுக் கிராம் தங்கத்துக்கு இட்ட பெயரே பவுன் என்று இளைய தலைமுறையினர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது எடையின் பெயராகப் பிறந்ததன்று. ஒரு காசின் பெயர். இங்கிலாந்தின் 'சவரன்' என்னும் பொற்காசு அந்நாட்டில் ஒரு பவுன் பணமாகச் செலாவணியாயிற்று. அந்தக் காசு கடல் கடந்து வந்து, நம் பத்தர்களின் தராசில் ஏறி, நாளடைவில் எடைக்கல்லாகவே மாறிவிட்டது.

பெயர் மட்டுமன்றிக் காசும் நம்மிடையே இன்னும் இருக்கிறது. பாட்டியின் காசுமாலையிலும், பூஜை அறைச் சம்புடத்திலும், இரும்புப் பெட்டியின் அடியில் மஞ்சள் துணி முடிச்சிலும் அசல் பவுன் காசுகள் பல குடும்பங்களில் உறங்குகின்றன. குடும்பத்துக்கு ஒரு நெருக்கடி வந்து அவற்றை வெளியே எடுக்கும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. கடைக்காரர் காசைத் தராசில் போட்டு, 'பழைய தங்கம்' என்று சொல்லிக் கழிவும் கழித்து ஒரு தொகை கூறுகிறார். உறவினர் ஒருவரோ, "இப்படிப்பட்ட காசு ஒன்று லட்சக்கணக்கில் விலை போயிற்றாம்" என்று ஆசை காட்டுகிறார். இவ்விருவர் பேச்சையும் ஆராயாமல் ஏற்றுக் கொள்வது சரியன்று.

பழைய பொற்காசுக்கு இரண்டு மதிப்புகள் உண்டு. ஒன்று, அதில் அடங்கிய பொன்னின் மதிப்பு. மற்றொன்று, அது ஒரு நாணயம் என்ற காரணத்தால் வரும் மதிப்பு. முதலாவதை எவரும் வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். இரண்டாவதை அறியக் காசின் முகத்தைப் படிக்க வேண்டும். பொன்னை உருக்கினாலும் பொன் பொன்னாகவே இருக்கும். முகத்தை அழித்துவிட்டாலோ அது திரும்பி வராது. ஆகவே விற்பதற்கு முன்பும், உருக்குவதற்கு முன்பும், மெருகு போடுவதற்கு முன்பும் பார்க்க வேண்டியவை எவை என்பதை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

காசு வந்த வழி

இக்காலத்துச் சவரன் 1817-ம் ஆண்டில் லண்டனில் முதன்முதலாக வெளிவந்தது. நம் நாட்டில் அது சட்டபூர்வமான பணமாக ஆனது 1899-ல். ஒரு சவரனுக்குப் பதினைந்து ரூபாய் என்று அப்போதைய சர்க்கார் விகிதம் வகுத்தார்கள். முதல் உலகப் போரின் இறுதியில் வெள்ளிக்குப் பஞ்சம் நேர்ந்தது. ரூபாய் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டவர்களுக்குக் கொடுக்கப் போதிய வெள்ளி இல்லை. அந்த இக்கட்டில் 1918-ல் பம்பாய் நாணயசாலையிலேயே பொற்காசு அடிக்கத் தொடங்கினார்கள். முதலில் 'பதினைந்து ரூபாய்' என்று பொறித்த மொகராவும், பிறகு சவரனும் அங்கே அச்சாயின. பம்பாய்ச் சவரன்கள் ஏறத்தாழ 13 லட்சம். இரண்டு காசுகளுமே 1918 என்ற ஒரே ஆண்டைத்தான் தாங்கியவை.

பின்பு நடந்ததைத் தேசாபிமானம் உள்ள எவரும் மறக்கலாகாது. 1920-ல் சட்டத்தைத் திருத்திச் சவரனின் விகிதத்தைப் பதினைந்து ரூபாயிலிருந்து பத்து ரூபாயாகக் குறைத்தார்கள். 1927-ல் சவரன் பணமே அன்று என்று தள்ளிவிட்டு, சர்க்கார் அலுவலகங்களில் 13 ரூபாய் 5 அணா 4 பைக்குப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தார்கள். ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற விகிதத்திலிருந்து வந்த கணக்கு அது. அந்த விகிதம் இந்திய விவசாயிக்கும் தொழிலுக்கும் கேடு என்று 1926-ல் விசாரணைக் குழுவின் அங்கத்தினர் ஸர் புருஷோத்தமதாஸ் டாகுர்தாஸ் தனி அபிப்பிராயம் எழுதினார். கேட்பாரில்லை.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டது. தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. விளைபொருளின் விலை வீழ்ந்து, வரியும் வட்டியும் கட்ட வழியில்லாமல் தவித்த கிராமத்துக் குடும்பங்கள் நகையையும் காசையும் விற்றன. பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகத் தங்கம் வெளியேறியது. அதற்குத் 'துன்பத் தங்கம்' என்றே பெயர் ஏற்பட்டது. ஏற்றுமதியைத் தடுக்கும்படி தேசீயத் தலைவர்கள் கேட்டும் அந்த ஆட்சி செவிசாய்க்கவில்லை. இந்தியர்கள் பொன்னைப் புதைத்து வைக்கும் பைத்தியக்காரர்கள் என்று அந்நாளில் எழுதிய வெள்ளைக்கார அதிகாரிகள் உண்டு. நம் ஸ்திரீகளுக்கோ அந்தப் பொன் ஒன்றுதான் கையில் இருந்த பாங்கி. அந்தப் பஞ்சத்திலும் விற்காமல் இறுகப் பிடித்து வைத்திருந்த காசுகளே இன்று நம் பெட்டிகளில் மிஞ்சியிருக்கின்றன.

பணமாக வந்த காசு வெறும் பொன்னாக மாறுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமாபுரிப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு இருந்தது. இனி இது பணமாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே எடுத்துக்கொள்க என்பதற்கு அடையாளமாக அந்த வெட்டைப் போட்டிருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அன்று உளி செய்ததை 1927-ல் சட்டம் செய்தது. ஆனால் சட்டத்தின் வெட்டு காசின் முகத்தில் விழவில்லை. அதனால்தான் அந்த முகத்தைப் படிக்க இன்றும் நமக்கு இடமிருக்கிறது.

முதலில் எடையும் அளவும்

சவரனின் முழு எடை 7.988 கிராம். குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், கனம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். பொன் 22 காரட்; அதாவது பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு தங்கம், ஒரு பங்கு செம்பு. இக்காலத்து நகைகளில் '916' என்று முத்திரையிடுவதும் இதே மாற்றுத்தான். ஆகவே ஒரு சவரனில் அடங்கிய சுத்தத் தங்கம் 7.32 கிராம். பம்பாயில் அடித்த பதினைந்து ரூபாய் மொகராவும் எடையிலும் மாற்றிலும் சவரனுக்கு ஒப்பானதே.

கைமாறிக் கைமாறிப் புழங்கும் காசு தேயும். 7.94 கிராமுக்குக் கீழே தேய்ந்த சவரனை இங்கிலாந்தில் சட்டப்படி செல்லாததாகக் கருதினார்கள். நூறு பேர் கை பட்டும் ஒரு சவரன் இழக்கக்கூடிய தங்கம் எவ்வளவு சொற்பம் என்பது இதிலிருந்து விளங்கும். ஒரு காசு 7.7 கிராம்தான் நிற்கிறது என்றால் அது வெறும் தேய்மானம் அன்று. விளிம்பை யாரேனும் அராவியிருக்கலாம், அல்லது காசே போலியாக இருக்கலாம். மாறாக, எட்டுக் கிராமுக்கு மேல் நின்றால் பற்றவைத்த வளையத்தின் மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உரைகல்லும் நீரும்

நம் பத்தர்கள் உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்ப்பதில் வல்லவர்கள். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்ற வழக்கே அந்தக் கல்லில் பிறந்ததுதான். ஆனால் காசைக் கல்லில் உரைத்தால் அதன் விளிம்பு கெடும். அராவிப் பார்த்தால் இன்னும் மோசம். காசுக்குச் சிறு கீறலும் இல்லாமல் சோதிக்க வேறொரு வழி உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடீஸின் கதையைப் படித்த பிள்ளைகளே இதைச் செய்துவிடலாம்.

கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு மின் தராசு ஒன்று வேண்டும். அதன்மேல் ஒரு சிறு கிண்ணத்தில் நீர் வைத்து, எடையைச் சூனியமாக்கிக்கொள்ளுங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, நீரில் முழுதும் அமிழும்படியும் கிண்ணத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது, காசு ஒதுக்கிய நீரின் எடை. நல்ல சவரனானால் 0.45 கிராம் அல்லது 0.46 கிராம் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் பதினேழரைக்குச் சற்று முன்பின்னாக வரும். 22 காரட் தங்கம் நீரைவிட அத்தனை மடங்கு கனமானது. அதே எடையுள்ள வெள்ளிக் காசுக்குப் பொன்முலாம் பூசியிருந்தால் தராசு 0.76 கிராம் காட்டும், பித்தளையானால் 0.9 கிராமுக்கு மேல் போய்விடும். காசில் காற்றுக் குமிழி ஒட்டாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். வளையமோ வேறு பற்றோ ஒட்டிய காசுக்கு இந்தச் சோதனை சரியாக வராது.

பொன் நல்லது, காசு பொய்

பொன் நல்லதென்று தெரிந்ததும் திருப்தியடைந்துவிடலாகாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியிலும் லெபனானிலும் போலிச் சவரன்கள் ஏராளமாகத் தயாராயின. அவற்றில் பலவற்றைச் சரியான பொன்னிலேயே அடித்தார்கள். நல்ல பொன்னைக் கொண்டு போலி செய்வானேன் என்று கேட்கலாம். அக்காலச் சந்தையில் சவரனுக்கு அதில் அடங்கிய பொன்னைவிட அதிக விலை கிடைத்தது. அந்த வித்தியாசமே மோசக்காரரின் லாபம். இந்தப் போலிகளின் வரவைத் தடுப்பதற்காகவும் பிரிட்டிஷ் நாணயசாலை 1957 முதல் மறுபடியும் சவரன்களை வெளியிட்டது. இத்தகைய போலியை உரைகல்லும் காட்டிக்கொடாது, நீரும் காட்டிக்கொடாது. காசின் முகந்தான் காட்டிக்கொடுக்கும்.

பூதக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும். முதலில் ஆண்டையும் அரசரையும் ஒத்துப் பாருங்கள். விக்டோரியா மகாராணியின் சவரன் 1838 முதல் 1901 வரை. ஏழாம் எட்வர்டின் சவரன் 1902 முதல் 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜின் சவரன் 1911 முதல் 1932 வரை. இந்த வரம்பை மீறிய காசைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, அச்சான ஊரைப் பாருங்கள். காசின் பின்புறத்தில் குதிரைமேல் அமர்ந்து நாகத்தைக் கொல்லும் ஜார்ஜ் முனிவரின் உருவம் இருக்கும். அவர் நிற்கும் தரைக்கோட்டில், ஆண்டு எண்ணுக்கு நடு மேலே, மிகச் சிறிய ஆங்கில எழுத்து ஒன்று இருக்கக்கூடும். 'எம்' என்றால் மெல்போர்ன், 'எஸ்' சிட்னி, 'பி' பெர்த், 'ஸி' கனடாவின் ஒட்டாவா, 'எஸ் ஏ' தென்னாப்பிரிக்கா. ஒற்றைக் கோடுபோல் நிற்கும் 'ஐ' என்ற எழுத்துத்தான் நம் பம்பாய். எழுத்தே இல்லாவிட்டால் லண்டன். லண்டனில் 1918 முதல் 1924 வரை சவரன் அச்சாகவில்லை. ஆகவே அந்த ஆண்டுகளுள் ஒன்றைத் தாங்கி, எழுத்தில்லாமல் ஒரு காசு வந்தால், அது போலி என்று தயங்காமல் சொல்லிவிடலாம். 1917-ம் வருஷத்து லண்டன் சவரன் அபூர்வமானது. அபூர்வமானது என்பதாலேயே அதற்குப் போலிகளும் மிகுதி.

மூன்றாவதாக, சிற்பிகளின் முதலெழுத்துக்களைத் தேடுங்கள். ஜார்ஜ் முனிவரின் உருவத்தை வடித்த பிஸ்த்ரூச்சி என்னும் இத்தாலியச் சிற்பியின் 'பி பி' என்ற எழுத்துக்கள், ஆண்டுக்கு வலப்புறம் ஓரத்தில் இருக்கும். ஐந்தாம் ஜார்ஜின் கழுத்து முடியும் இடத்தில் மெக்கென்னலின் 'பி எம்' காணப்படும். நல்ல காசில் இவை சிறியனவாயினும் தெளிவாக இருக்கும். போலியில் அவை குழைந்தோ கலங்கியோ போயிருக்கும். எழுத்துக்களின் ஓரம் வெண்ணெய்போல் மழுங்கியிருப்பதும், வெறுமையான பரப்பில் சிறு சிறு பருக்கள் எழும்பியிருப்பதும், விளிம்புக் கீற்றுக்கள் ஒழுங்கு தவறியிருப்பதும் போலியின் குறிகள்.

தேய்மானத்தைப் படிப்பது

காசு அசல் என்று தேறிய பின் அதன் நிலையைப் பார்க்க வேண்டும். காசில் எந்தப் பகுதி மேடாக இருக்கிறதோ அதுவே முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜின் காசில் புருவம், மீசை, காதுக்கு மேலுள்ள தலைமயிர் ஆகியவற்றைக் கவனியுங்கள். விக்டோரியாவின் முதுமைக் காலத்துக் காசில் முக்காட்டின் ஓரமும் நெற்றிமேல் மயிரும் முதலில் மழுங்கும். பின்புறத்தில் வீரரின் தொடை, தலைக்கவசம், குதிரையின் மார்பு ஆகிய இடங்களில் தேய்மானம் தெரியும்.

மயிரிழைகள் ஒட்டிக் கலந்து, தொடை வழவழத்துத் தட்டையாகியிருந்தால் அது தேய்ந்த காசு. மேடுகளில் மட்டும் சற்று மினுமினுப்பு மங்கியிருந்தால் நடுத்தரத்துக்கு மேல். மேட்டில்கூடத் தேய்வே இல்லாமல், காசை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பும்போது ஒளி சக்கரம்போல் சுழன்று வந்தால், அது புழக்கத்துக்கே வராத காசு. அப்படிப்பட்ட காசிலும் சிறு தழும்புகள் இருக்கும். பொன் மென்மையானது, ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டி அனுப்பியபோது ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட தழும்புகள் அவை. அவற்றைத் தேய்மானமென்று எண்ண வேண்டாம். காசு சேகரிப்போர் நிலையை 1 முதல் 70 வரை எண்ணிட்டுச் சொல்வதுண்டு. 1949-ல் அமெரிக்கர் ஷெல்டன் வகுத்த அளவை அது. குடும்பஸ்தர்களுக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லை. தேய்ந்தது, நடுத்தரம், புதுமை மாறாதது என்ற மூன்று வகையும் அறிந்தால் போதும்.

நம் நாட்டில் தேய்மானத்தைவிடப் பெரிய குறை வேறொன்று. காசுமாலையிலோ பதக்கத்திலோ கோப்பதற்காக விளிம்பில் வளையம் பற்றவைப்பது நம் வழக்கம். வளையத்தை எடுத்த பின்னும், அரசரின் உச்சந்தலைக்கு நேரே விளிம்புக் கீற்றுக்கள் அழிந்திருப்பதைக் காணலாம். காசு சேகரிப்போர் அதை வாங்கத் தயங்குவர். இதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை; காசை அணிவது நம் மரபு, அதில் ஒரு தாயின் மகிழ்ச்சி இருந்தது. இனிமேல் புதிதாகப் பற்றவைக்காமல் இருந்தால் போதும். அணியத்தான் வேண்டுமென்றால், காசைச் சுற்றிப் பிடிக்கும் சட்டத்தில் பொருத்தி அணியலாம்.

செய்யக் கூடாதவை

பழைய காசை எடுத்தவுடன் நம் வீட்டுப் பெண்மணிகளின் கை பூந்திக்கொட்டையையும் புளியையும் நாடும். பத்தரிடம் கொடுத்தால் மெருகு போட்டுப் பளபளவென்று தருவார். நகைக்கு இவை நன்று, காசுக்கு நாசம். தேய்க்கும்போது அச்சின் இயற்கை ஒளி போய்ச் செயற்கைப் பளபளப்பு வந்துவிடும். அனுபவமுள்ளவர் அதைப் பார்த்தவுடன் கண்டுகொள்வர். காசில் அழுக்கு மிகுந்திருந்தால் வெந்நீரில் சிறிது சோப்பைக் கரைத்து அலசி, தேய்க்காமல், மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். காசை விரல் நுனியால் விளிம்பில் மட்டும் பிடியுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே துணியில் சுற்றி வையுங்கள்.

விலை கணக்கிடுவது

அன்றைய தினம் 22 காரட் தங்கம் ஒரு கிராமுக்கு என்ன விலையோ, அதைக் காசின் எடையால் பெருக்குங்கள். அதுவே பொன்னின் மதிப்பு. வாங்கும் வியாபாரி தம் லாபத்துக்காகச் சற்றுக் குறைப்பது இயல்பு. ஆனால் கல், அரக்கு, பொடி என்று நகையில் கழிப்பது போலக் காசில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. சவரனின் மாற்று உலகமறிந்தது. "பழசு, மாற்றுக் குறைவு" என்று ஒருவர் சொன்னால் காசைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு கடைக்குச் செல்லுங்கள்.

பொன்னுக்கு மேல் கிடைக்கும் விலை, அருமையையும் நிலையையும் பொறுத்தது. வெளிப்படையாகச் சொல்வதானால், ஐந்தாம் ஜார்ஜ், ஏழாம் எட்வர்டு காலத்துச் சவரன்களில் பெரும்பாலானவை பொன்விலையை ஒட்டியே விலைபோகும். அவை கோடிக்கணக்கில் அச்சானவை. பழமை மட்டும் அருமை ஆகாது. ஆயினும் பம்பாயின் 'ஐ' எழுத்துக் காசையும், பதினைந்து ரூபாய் மொகராவையும், 1855 முதல் 1870 வரை 'ஆஸ்திரேலியா' என்ற பெயர் பொறித்துச் சிட்னியில் வந்த சவரனையும், கேடயச் சின்னம் உள்ள விக்டோரியாக் காசையும் தனியே எடுத்து வையுங்கள். நாணய ஆராய்ச்சி அறிந்த இருவர் மூவரிடம் காட்டிக் கேட்காமல் அவற்றை விற்க வேண்டாம். சென்னை எழும்பூர் அரசாங்க அருங்காட்சியகத்தில் உள்ள நாணயப் பகுதியைக் குடும்பத்தோடு ஒருமுறை பார்ப்பது கண்ணுக்கு நல்ல பயிற்சி. "லட்சம் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். உண்மையாகக் காசு வாங்க வருகிறவர் உங்களுக்குப் பணம் தருவாரேயன்றி உங்களிடம் பணம் கேட்கமாட்டார்.

சட்டத்தையும் சற்று அறிந்திருக்க வேண்டும். பரம்பரையாக வீட்டில் இருந்த காசு வேறு, மண்ணில் கிடைத்தது வேறு. பூமியில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது 1878-ம் ஆண்டுச் சட்டம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நம் தங்கம் கப்பலேறிப் போன கதையை மேலே கண்டோம். இத்தகைய சட்டத்தின் அவசியத்தை நாம் விளக்கவும் வேண்டுமோ?

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். காசை வாங்குவோரும் விற்போரும் அந்த இரண்டாவது பொருளை மறவாதிருப்பார்களானால் நாம் இவ்வளவு எழுத நேர்ந்திராது. அதுவரையில் நம்மைக் காப்பது நம் கண்ணும் தராசுந்தான். அடுத்த விடுமுறை நாளில் பெட்டியைத் திறந்து, காசை எடுத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எடையையும் ஆண்டையும் ஊரையும் அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் காசு யாரால் குடும்பத்துக்கு வந்தது, எந்தக் கஷ்டத்திலும் அதை விற்காமல் காத்தவர் யார் என்பதைப் பெரியவர்களைக் கேட்டு அதன்கீழே எழுதி வையுங்கள். நாளை அதை விற்க நேர்ந்தாலும் அந்தத் தாள் குடும்பத்திலேயே இருக்கட்டும்.